முதலில் முள்ளைப் பாருங்கள்

பழைய பேப்பர்காரர் கையில் தொங்கும் கொக்கித் தராசைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே இருப்பது ஒரு சுருள்வில், அவ்வளவுதான். பேப்பர்க் கட்டு ஒன்றை மாட்டியதும் வில் நீள்கிறது, முள் இறங்குகிறது. விசை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்காகும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-ல் விளக்கி எழுதினார். அதை வேறு யாரும் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாதென்று, 1676-லேயே எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக வெளியிட்டிருந்தார் மனிதர்! தராசின் முகத்தில் கிலோ என்று அச்சிட்டிருந்தாலும், அது அளப்பது பூமி இழுக்கும் விசையைத்தான்: கிலோவுக்குச் சுமார் 9.8 நியூட்டன். ஆனால் வில்லின் நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. தாங்கும் அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்கு அது திரும்பாது. வெறும் கொக்கியிலேயே முள் பூஜ்யத்தைத் தாண்டி நிற்கும். தராசு பொய் சொல்கிறது என்று பேப்பர்காரரிடம் சண்டை போடுகிறோம். எடை போடும் முன் முள்ளைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஹூக்கின் விதியில் குற்றமில்லை, தேய்ந்த வில்லில்தான் குற்றம். அடுத்த முறை கட்டை மாட்டும் முன், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பேரம் அப்புறம்.