கைத்தொழில் பக்கம்: வீங்கிய தகரம்



அப்டன் பார்க் ஸ்ரேசனில் இறங்கி, கிறீன் ஸ்றீற்றால் நடந்து குயின்ஸ் மார்க்கெற்றுக்கு முருங்கைக்காய் வாங்கப் போன நாங்கள் போன மாதம் பாதி வழியில் நின்றுவிட்டோம். ஒரு சிறிய கராஜின் வாசலில் சாம்பல் நிற மொறிஸ் மைனர் ஒன்று நின்றது. யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் என்றாலே எங்களுக்கு மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் தானே! 1990இற்குப் பிறகு பெற்றோல் வராத காலத்தில், கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அவை. அந்தப் புகை மணம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

மொறிஸ் மைனர் 1948இல் இதே லண்டனில், ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. 1972 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதை வடிவமைத்த அலெக் இசிகொனிஸ் சிமிர்னா நகரில் பிறந்தவர். 1922இல் அங்கே யுத்தம் வர, குடும்பத்தோடு கப்பலேறி மோல்ற்றாவுக்குப் போய், பிறகு தாயுடன் இங்கிலாந்துக்கு வந்தார். அவரும் எங்களைப் போல ஊரை விட்டு வந்தவர் தான்.

இனி விசயத்துக்கு வருவோம். அந்தக் காரின் கதவு நடுவில் வீங்கியிருந்தது. கையால் அமத்தினால் 'டொக்' என்று உள்ளே போகும், விட்டால் 'டொக்' என்று வெளியே வரும். எங்களுக்குத் தெரிந்த தம்பி ஒருவருக்கு அந்தக் கராஜில் வேலைக்குப் பரீட்சை வைத்திருந்தார்கள். சனிக்கிழமைக்குள் கதவைச் சரியாக்கிக் காட்ட வேண்டும். ஊரில் மூன்று வருசம் ரிங்கரிங் பழகியவர். இங்கே அதைப் பனல் பீற்றிங் என்கிறார்கள். கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், வாடகை பாக்கி.

தம்பி சுத்தியலை எடுத்தார். கூட வந்த அண்ணர் தடுத்துவிட்டார். ஊரில் முப்பது வருசம் கராஜ் வைத்திருந்தவர்.

"அடிக்காதை தம்பி. அது நீண்டு போன தகரம். அடிக்க அடிக்க இன்னும் நீளும்."

இதைத்தான் பலர் விளங்கிக்கொள்வதில்லை. இடிபட்ட தகரத்தைப் பின்னால் டொலி பிடித்து முன்னால் அடிக்கும்போது, அது மெலிந்து பரப்பில் கூடுகிறது. கூடின தகரத்துக்கு இருக்க இடமில்லை. அதனால் வீங்குகிறது. அதை மறுபடி ஒடுக்க நெருப்பு வேண்டும்.

ஊரில் கொல்லர் வண்டில் சில்லுக்கு இரும்பு வளையம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுட்ட வளையம் விரியும், தண்ணீர் ஊற்றச் சுருங்கி மரத்தை இறுக்கும். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. காஸ் சுவாலையால் வீக்கத்தின் உச்சியில் ஒரு ஐந்து பென்ஸ் காசளவு இடத்தை மட்டும் சிவக்கச் சுட வேண்டும். ஏறத்தாழ 700 பாகை சூடு. அந்த இடம் விரியப் பார்க்கும், ஆனால் சுற்றியுள்ள குளிர்ந்த தகரம் விடாது. சூட்டில் இளகிய இரும்பு வேறு வழியின்றித் தனக்குள்ளேயே தடிக்கும். பின்னால் டொலியை மெல்லப் பிடித்து, எழும்பிய விளிம்பைச் சுற்றி இலேசாகத் தட்ட வேண்டும். ஆறும்போது, தடித்தது தடித்தபடியே இருந்துகொண்டு சுற்றுத் தகரத்தை உள்ளுக்கு இழுக்கும். ஒரு காசளவு இடத்தில் கிடைப்பது மில்லிமீற்றரில் ஏழில் ஒரு பங்கு போலத்தான். ஆனால் வீக்கத்தை அடக்க அதுவே பெரிய காரியம். சிவப்பு அடங்கிக் கறுத்த பின் ஈரத்துணியை வைத்தால் கெதியாக ஆறும், பலனை உடனே பார்க்கலாம்.

ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, கையால் தடவிப் பார்த்த பிறகே அடுத்த பொட்டு. தம்பி அவசரப்பட்டார். பக்கம் பக்கமாக மூன்று பொட்டு வைத்துவிட்டார். வீக்கம் போய்விட்டது, ஆனால் கதவின் கீழ்ப்பக்கம் பள்ளமாக நெளிந்தது. எங்களுக்கு நெஞ்சு பதறியது. கார் இன்னொருவருடையது, நாளோ வெள்ளிக்கிழமை! அண்ணர் ஏசவில்லை. சுருங்கின பொட்டுக்களில் ஒன்றை டொலிக்கு மேல் வைத்துத் தட்டச் சொன்னார். தட்டத் தட்டச் சுருங்கினது திரும்ப நீண்டு, நெளிவு ஆறாம் ஏழாம் அடியில் விட்டுக்கொடுத்தது. நீட்டுகிற அடியும் தேவைதான், இடமறிந்து அடிக்க வேணும் என்றார்.

வீட்டில் பரீட்சித்துப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பற்றரியைக் கழற்றுங்கள். கதவின் உள் மட்டையையும் றப்பரையும் எடுங்கள், அடியில் பூசிய தார் தீப்பற்றும். பெற்றோல் தாங்கிக்குக் கிட்டே சுவாலையே வேண்டாம். காஸ் சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள். பழைய லாண்ட் றோவரின் உடம்பு அலுமினியம். அது சிவக்காமலே 660 பாகையில் உருகி விழுந்துவிடும். புதுக் கார்களில் இந்த வித்தையைக் காட்டவே கூடாது, அவற்றின் உறுதிகூடிய உருக்குச் சூட்டில் பலம் இழந்துவிடும். வேலை அனுமதி இன்னும் வராத தம்பிமார், யார் கேட்டாலும் கூலிக்கு இறங்க வேண்டாம். உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள். அனுமதி உள்ளவர்கள் பக்கத்துக் கல்லூரியில் மாலை வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். கைவேலை தெரிந்தவருக்கும் இங்கே தாள் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை காலை கராஜ்காரர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கதவைத் தடவினார். இரண்டு தரம் அமத்தினார். 'டொக்' வரவில்லை. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், முதல் மாதம் பாதிச் சம்பளமாம். அதைப் பற்றிக் கதைக்க அண்ணர் தானும் கூடப் போவதாகச் சொல்கிறார்.