காவிரி: மழை குறைந்தால் யாருக்கு எவ்வளவு தண்ணீர்? விடை கிடைக்காத கேள்வி

காவிரிச் சண்டை வருஷா வருஷம் நடப்பதுபோலத் தெரியும். ஆனால் குடகிலும் கபினி நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் மழை கொட்டிவிட்டால் சத்தமே இருக்காது. மழை பொய்த்தால்தான் சிக்கல்.

கணக்கு என்ன?

காவிரிப் படுகையில் ஆண்டுக்கு 740 டிஎம்சி தண்ணீர் இருக்கும் என்று 2007-ல் நடுவர் மன்றம் கணக்கிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதில் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகாவுக்கு 284.75, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என இறுதி செய்தது. இதன்படி கர்நாடகா ஆண்டுக்கு 177.25 டிஎம்சியை மாதவாரியாக பிலிகுண்டுலுவுக்கு அனுப்ப வேண்டும். ஆகஸ்டுக்கு மட்டும் 45.95 டிஎம்சி.

அப்புறம் என்ன பிரச்னை?

இந்த 740 டிஎம்சி, இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்படும் அளவு. அதாவது பற்றாக்குறை ஆண்டுகள் வரும் என்பது கணக்கிலேயே இருக்கு. அப்போது பங்கு விகிதப்படி எல்லோருக்கும் குறைக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. ஆனால் எந்தத் தேதியில், எந்த அணைகளின் நீர்வரத்தை வைத்துக் குறைப்பது? இரு மாநிலங்களும் ஏற்ற சூத்திரம் இன்னும் இல்லை.

2023-ல் நடந்தது என்ன?

1901-க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் அது. காவிரி மேலாண்மை ஆணையம் தண்ணீர் திறக்கச் சொன்னது. கர்நாடகாவில் பந்த் நடந்தது, தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. வழக்கமாக ஜனவரி வரை திறந்திருக்கும் மேட்டூர் அணை அக்டோபர் 10-லேயே மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு நேர்மாறு. 2024 ஜூன் 12-ல் அணையைத் திறக்கவே தண்ணீர் இல்லை. ஜூலை 30-ல் 120 அடியும் நிரம்பி வழிந்தது. உபரி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. ஜூன் மாதத் தண்ணீரை நம்பும் குறுவை விவசாயிக்கு அந்த வெள்ளம் தாமதமான விருந்தாளிதான்.

காலநிலை மாற்றம் எங்கே வருது?

வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7% கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கும். இடையில் நீண்ட வறட்சி. மாதவாரி அட்டவணைக்கு இது ஒத்துவராது.

என்ன செய்யலாம்?

பற்றாக்குறைச் சூத்திரத்தை அணைகள் நிரம்பியிருக்கும்போதே பேசி முடிக்க வேண்டும். வறட்சியில் உட்கார்ந்தால் எந்த அரசும் விட்டுக்கொடுக்காது. கொடுத்தால் அரசியல் விலை அதிகம். டெல்டாவின் ஏரி, குளங்களைத் தூர்வாரி உபரியைப் பிடித்து வைப்பது தமிழ்நாட்டின் கையில் இருக்கு. நிலத்தடி நீரும் அப்படித்தான்: டெல்டாவில் இருக்கும் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துத்தான் 2018-ல் தமிழ்நாட்டின் பங்கில் உச்ச நீதிமன்றம் கை வைத்தது. அதையும் உறிஞ்சித் தீர்த்துவிட்டால் அடுத்த வறட்சிக்குக் கையிருப்பு இருக்காது.

ஒவ்வொரு முறையும் தீர்ப்பு வருவதற்குள் பயிர் காய்ந்துவிடுகிறது. சூத்திரம் தள்ளிப்போவதன் விலையை, கர்நாடகாவின் மண்டியாவானாலும் தஞ்சாவூரானாலும், விவசாயிதான் கொடுக்கிறார்.