அடைத்தது யார்? அள்ளுவது யார்?

அமெரிக்காவில் "வீட்டு வண்டி" என்று ஒன்று உண்டு. மோட்டார் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வண்டி அது. உள்ளே படுக்கை இருக்கும். அடுப்பு இருக்கும். குளிக்க இடம் இருக்கும். கக்கூசும் இருக்கும். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருமாகப் புறப்பட்டு, காடு, மலை, கடற்கரை என்று வாரக்கணக்கில் சுற்றுவார்கள்.

சரி, அந்தக் கக்கூசில் போகிற அசுத்தம் எங்கே போய்ச் சேரும்?

வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. கக்கூசுக்கு ஒன்று. அதைக் "கறுப்புத் தொட்டி" என்பார்கள். குளித்த தண்ணீருக்கும், பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் இன்னொன்று. அது "சாம்பல் தொட்டி". தொட்டி நிரம்பியதும், அதற்கென்று உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், குழாயை மாட்டி, சாக்கடைக்குள் திறந்து விட வேண்டும். முதலில் கறுப்பு. பிறகு சாம்பல். அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும்.

இந்த வேலையை யார் செய்வது? வண்டிக்காரரேதான்! அவர் டாக்டராக இருக்கலாம். வக்கீலாக இருக்கலாம். கம்பெனி முதலாளியாகக்கூட இருக்கலாம். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு குனிய வேண்டியவர் அவர்தான்.

தொட்டி அடைத்துக்கொண்டால் இன்னும் தொல்லை. தண்ணீரை நிரப்பி ஊறப் போட வேண்டும். கக்கூசு வழியாக நீளக் குழாயை விட்டு, வேகமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கரைக்க வேண்டும். உல்லாசப் பயணத்தில் ஒரு நாள் அதிலேயே போய்விடும். ஒரு தடவை இப்படி ஆனால் போதும், குடும்பம் முழுவதற்கும் புத்தி வந்துவிடும். கக்கூசில் தாராளமாகத் தண்ணீர் விடுவார்கள். சீக்கிரம் கரைகிற மெல்லிய காகிதத்தைத் தவிர வேறு எதையும் உள்ளே போட மாட்டார்கள். தொட்டியின் வாயைத் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய், கெட்டியானது காய்ந்து கோபுரம்போல் குவிந்துவிடும். ஆகவே, தொட்டி நன்றாக நிரம்பும்வரை மூடி வைத்திருந்து, பிறகு ஒரேயடியாகத் திறப்பார்கள். இதெல்லாம் அந்த வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அமெரிக்கக்காரர் வண்டியைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் ரெயில் பெட்டிகளுக்கு அடியிலும் இப்போது தொட்டிகள் இருக்கின்றன. அவையும் அடைத்துக்கொள்கின்றன. ஆனால் இங்கே அடைக்கிறவர் ஒருவர், அள்ளுகிறவர் வேறொருவர். கோளாறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

தண்டவாளத்தில் விழுந்த காலம்

ஒரு காலத்தில் நம் நாட்டு ரெயிலில் சாதாரணப் பிரயாணிக்குக் கக்கூசே கிடையாது. வண்டி நிற்கிற இடத்தில் இறங்கி ஓட வேண்டும். 1909-ம் ஆண்டு ஓக்கில் சந்திர சென் என்பவர் அப்படி இறங்கிப் போனார். அவர் திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது! ஒரு கையில் செம்பு, ஒரு கையில் வேட்டி என்று ஓடி விழுந்தார். கோபத்தோடு ரெயில்வே அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம்தான் பெட்டிக்குள் கக்கூசைக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள்.

கக்கூசு வந்தது. தொட்டி வரவில்லை. போனதெல்லாம் தண்டவாளத்தில் விழுந்தது. "ரெயில் நிற்கும்போது உபயோகிக்காதீர்" என்று எழுதி வைத்தார்கள். யார் கேட்டார்கள்? நிலையத்தில் விழுந்ததைத் துடைப்பத்தாலும், தகரத்தாலும் அள்ளியவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்ற நாம், அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை.

அசுத்தம் பட்டுத் தண்டவாளமும் துருப்பிடித்தது. அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் ரெயில் பாதுகாப்புக்கு அமைத்த குழு, இப்படித் திறந்து விடுவதை நிறுத்தச் சொல்லி 2012-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தது. மனித மலத்தை மனிதர் கையால் அள்ளும் வேலையைத் தடை செய்து 2013-ம் ஆண்டு சட்டம் வந்தது. தண்டவாளத்தில் நடக்கும் இந்த வேலைக்குக் காலக்கெடு வைத்து முடிவு கட்டும்படி 2014-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் ரெயில்வேக்கு உத்தரவிட்டது.

கிருமிகள் செய்யும் வேலை

அதற்கு விடையாக வந்ததுதான் "பயோ டாய்லெட்" என்னும் கிருமித் தொட்டி. ராணுவ ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், பனிமலையில் காவல் காக்கும் வீரர்களுக்காக இதை முதலில் செய்தார்கள். அதையே ரெயிலுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். பெட்டிக்கு அடியில் எஃகுத் தொட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவை மலத்தைத் தின்று, தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. வாயு காற்றில் கலக்கிறது. தண்ணீர், குளோரின் மருந்து பட்டு, வெளியே வடிகிறது.

நமக்குப் பெருமையான செய்தி ஒன்று. இந்தியாவிலேயே முதன்முதலாக, அசுத்தம் விழாத "பசுமை ரெயில் பாதை" என்று அறிவிக்கப்பட்டது நம் ராமேசுவரம் - மானாமதுரை பாதைதான். 114 கிலோ மீட்டர் நீளம். 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் அது தொடங்கியது. அதன்பிறகு சில ஆண்டுகளில், நாடு முழுவதும் 2½ லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள் பொருத்தப்பட்டுவிட்டன.

ஆனால், கிருமி மலத்தைத் தின்னும். பிளாஸ்டிக் பாட்டிலைத் தின்னுமா? குழந்தையின் இடுப்புத் துணியைத் தின்னுமா? பாக்கு பொட்டலம், சிகரெட்டுத் துண்டு, டீக் கோப்பை, துணிப்பஞ்சு எதையும் அது தொடாது. கக்கூசுக்குக் கீழே குழாய் வளைந்து போகிறது. நாற்றம் மேலே வராமல் இருக்க அங்கே கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். போட்ட பாட்டில் அந்த வளைவில் போய்க் குறுக்கே நின்றுகொள்ளும். அவ்வளவுதான்! அடுத்து வருகிறவர்கள் விடும் தண்ணீர் மேலே ஏறும். ஒரு பெட்டியில் 70, 80 பேர். கக்கூசு நான்கு. ஒன்று அடைத்தால் கூட்டம் மற்றதற்குப் போகும். விடிவதற்குள் அதுவும் அடைக்கும்.

மத்திய தணிக்கை அதிகாரி 2017-ம் ஆண்டு பாராளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். சுமார் 25 ஆயிரம் கிருமித் தொட்டிக் கக்கூசுகளைப் பார்வையிட்டதில், ஒரே ஆண்டில் 1 லட்சத்து 99 ஆயிரத்து 689 குறைகள் பதிவாகி இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் அடைப்பு!

அந்த அடைப்பை எடுப்பது யார்? அதே துப்புரவுத் தொழிலாளிதான். தண்டவாளத்தில் குனிந்தவர் இப்போது பெட்டிக்குள் குனிகிறார். முதலில் கம்பியை விட்டுக் கிளறுவார். கம்பிக்கு வராததைக் கையால்தான் இழுக்க வேண்டும். கருவியும் கையுறையும் கொடுத்துவிட்டால் அது "கையால் அள்ளும் வேலை" ஆகாது என்று சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. இருக்கட்டும். கையுறைக்குள் இருப்பது கைதானே?

ரெயில்வே என்ன செய்ய வேண்டும்?

பிரயாணிகளை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயம் அல்ல. தாய்மார்களைக் கேளுங்கள். மாதவிலக்கு நாளில் ஓடும் வண்டியில் துணிப்பஞ்சை எங்கே போடுவது? பல கக்கூசுகளுக்குள் கூடை இருப்பதில்லை. கையில் எடுத்துக்கொண்டு, ஆண்கள் கூட்டத்தைத் தாண்டி, கதவு ஓரம் உள்ள தொட்டிக்குப் போக வேண்டும். எந்தப் பெண் போவாள்? குப்பைக்கூடை இல்லை, குவளை இல்லை என்ற குறைகளும் அந்தத் தணிக்கை அறிக்கையில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கூடை வைக்காமல் "குப்பை போடாதே" என்று பலகை மாட்டுவது, இலை போடாமல் சாப்பிடச் சொல்வதுபோல் இருக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு கக்கூசுக்குள்ளும் மூடி போட்ட கூடை வேண்டும். பெரிய நிலையங்களில் அதைக் காலி செய்ய ஆள் வேண்டும். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்துபோகக் கூடாது. தண்ணீர் இல்லாவிட்டால் குப்பை போடாதபோதும் அடைத்துக்கொள்ளும். பலகையில் எழுத்தைவிடப் படம் பெரிதாக இருக்கட்டும்.

தொட்டியைப் பற்றியும் வாதம் இருக்கிறது. அதில் இருந்து வரும் தண்ணீர் போதிய அளவு சுத்தமாகவில்லை என்று சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் சொன்னார்கள். விமானத்தில் உள்ளதுபோல் காற்றால் உறிஞ்சும் கக்கூசு, வந்தே பாரத் போன்ற புதிய வண்டிகளில் வந்திருக்கிறது. அதற்குத் தண்ணீர் மிகக் குறைவாகப் போதும். நல்லதுதான். ஆனால் அதன் குழாயிலும் பாட்டில் போனால் அடைக்கத்தான் செய்யும்.

அபராதம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். எனக்கு நம்பிக்கை இல்லை. தாழ் போட்ட அறைக்குள் 80 பேரில் யார் போட்டது என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பார்?

எனக்கு வேறு யோசனை தோன்றுகிறது. பணிமனையில் ஒரு ரெயிலின் தொட்டிகளைத் திறந்து, உள்ளே கிடந்த பாட்டில், பொட்டலம், துணி, செருப்பு எல்லாவற்றையும் கழுவி எடுக்கட்டும். சென்னை எழும்பூர் நிலையத்தில், பயணிகள் நடக்கும் வழியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைக்கட்டும். எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்குப் போன வண்டி, எந்தத் தேதி என்று எழுதி வைக்கட்டும். பக்கத்திலேயே, அவற்றை வெளியே எடுத்த தொழிலாளி சம்மதித்தால், அவர் பெயரையும் படத்தையும் வைக்கட்டும். மாதம் ஒரு ரெயில். அந்த வண்டியில் போன குடும்பங்கள் நின்று பார்க்கும். "அப்பா, இது நம்ம வண்டிதானே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.