16ஏ-க்கு என்ன நம்பர்?

பெங்களூரில் எனக்கு ஒரு நண்பர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடி அறையில் அரிசோனா பாலைவனத்தை வளர்க்கிறார். பிளைவுட் மேல் பிளாஸ்டர் குன்றுகள், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். மகள் அமெரிக்காவிலிருந்து வந்தபோது சான்டா ஃபே ரயில்வேயின் எஃப்3 டீசல் மாடல் வாங்கி வந்தாள். நான்கு யூனிட். சிவப்பு மூக்கு, வெள்ளி உடம்பு. இரண்டாம் நாள் காலையிலேயே ஃபோன்: "16ஏ-க்கு என்ன நம்பர் கொடுக்கறது?"

கேள்வி சின்னதுதான். பதிலுக்கு 1939-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் எஃப்டி என்ற சரக்கு டீசலை வெளியே விட்டது. யூனிட்டுக்கு 1,350 குதிரைசக்தி. நான்கைக் கோத்தால் 5,400. முன்னும் பின்னும் டிரைவர் அறை உள்ள யூனிட்கள். நடுவில் இரண்டு பூஸ்டர்கள். பூஸ்டருக்கும் இன்ஜின், ஜெனரேட்டர், மோட்டார் எல்லாம் உண்டு. டிரைவர் அறை மட்டும் கிடையாது. முன்னால் உட்கார்ந்திருப்பவர் நெம்புகோலைத் தள்ளினால் கேபிள் வழியாக நான்கும் கீழ்ப்படியும்.

கம்பெனிகளுக்கு உடனே ஒரு பயம் வந்தது. நீராவிக் காலத்தில் இரண்டு என்ஜின் பூட்டினால் இரண்டு டிரைவர், இரண்டு ஃபயர்மேன். நான்கு டீசலுக்கு நான்கு நம்பர் எழுதினால் யூனியன் நான்கு ஜோடி ஆட்களைக் கேட்காதா? எனவே 'இது நான்கு என்ஜின் அல்ல, நீளமான ஒரே என்ஜின்' என்றார்கள். நம்பர் ஒன்று, வாலில் மட்டும் எழுத்து. 1946-ல் வந்த சான்டா ஃபே எஃப்3-கள் 16எல், 16ஏ, 16பி, 16சி என்று போனது இந்த வழக்கப்படிதான். (டிரைவர் அறை உள்ளதை ரயில் பித்தர்கள் 'ஏ யூனிட்' என்பார்கள், பூஸ்டரை 'பி யூனிட்' என்பார்கள். சான்டா ஃபேயிலோ ஏ என்று எழுதியிருப்பது பூஸ்டர்மேல். குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல.)

பெயின்ட் டப்பாவால் தீர்ந்துபோகிற தகராறா? 1950 மே மாதம் ஃபயர்மேன்கள், பல யூனிட் டீசல்களில் இரண்டாவது ஃபயர்மேன் வேண்டுமென்று சான்டா ஃபே உட்படச் சில பெரிய ரயில்வேக்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை. நிலக்கரி போன பிறகு ஃபயர்மேனுக்கு என்ன வேலை என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஓடும்போது பின்னாலுள்ள மூன்று யூனிட்டில் எது மக்கர் செய்தாலும் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்பதும் நியாயம். அந்த வாதத்தை எண்ணிக்கையே இல்லாமல் செய்ததில்தான் அந்த எழுத்துகளின் சாமர்த்தியம்.

நண்பரின் தகராறு வேறு. அவருடைய ரயில்கள் டி.சி.சி. முறையில் ஓடுகின்றன. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து 1990களில் அமெரிக்க மாடல் ரயில் சங்கம் தரப்படுத்தியது. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டீகோடர் என்று ஒரு சில்லு. தண்டவாளம் வழியே விலாசத்தோடு கட்டளை போகும். விலாசக்காரர் மட்டும் நகர்வார். கடையிலிருந்து வரும்போது எல்லாருக்கும் விலாசம் 3. மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எண் மட்டும்தான். எழுத்துக்கு அங்கே இடமில்லை.

16ஏ-க்கு 161 என்று போட்டாலென்ன என்றார். சான்டா ஃபேயில் 161 என்ற எஃப்டி நிஜமாகவே ஓடியது. நாளைக்கு மகள் அதையும் வாங்கி வந்தால்? நான்குக்கும் 16 என்றே போட்டுவிட்டால்? ஓடும். கம்பெனியின் வாதமும் அதுதானே. ஆனால் நான்கு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றாது. ஒன்று இழுக்கும், ஒன்று தடுக்கும். மெதுவானதை மட்டும் சரிசெய்யலாமென்று கட்டளை கொடுத்தால் நான்கும் சேர்ந்து மாறும்.

தனி எண்தான் சரி என்பது என் கட்சி. 1601, 1602, 1603, 1604 என்று பழுதுபார்க்கத் தனி விலாசம். ஓட்டத்துக்குக் கூட்டு விலாசம் ஒன்றைத் தருவதற்கு டீகோடரில் 19-ஆம் எண் அறை இருக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் 16. கூட்டு விலாசம் 127-க்கு மேல் போகாது, 16 தாராளமாக அடங்கும். தனித்தனியே நான்கு பேர், ஓடும்போது ஒரே என்ஜின். யூனியனும் கம்பெனியும் ஒரே சில்லில்.

அன்று சாயங்காலம் மறுபடி ஃபோன். "சக்கரம் சுத்தறது, ரயில் நகர மாட்டேங்கறது." 16சி பின்பக்கம் பார்த்து நிற்கிற யூனிட். அதற்கு முன்னோக்கு என்றால் நமக்குப் பின்னோக்கு. அந்த அறையில் 16-க்குப் பதில் 128-ஐக் கூட்டி 144 என்று எழுத வேண்டும். நம் ஊரில் பல காலம் 144 என்றால் எல்லாம் நின்றுவிடும். அவர் வீட்டில் அதைப் போட்டதும்தான் ரயில் கிளம்பியது.

அடுத்து, ஐந்து இலக்க நம்பரோடு நம்ம ஊர் டபிள்யூடிஎம்-2 ஒன்று செய்து கொண்டிருக்கிறார். டி.சி.சி. விலாசம் 10239-ஓடு முடிகிறது. 18 ஆயிரத்துச் சில்லறைக்கு இடமில்லை என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.