ஆக்ஸிஜன் என்னும் உலோகம்

ஆக்ஸிஜன் ஓர் உலோகம். கார்பன், நைட்ரஜன், நியான் எல்லாமே உலோகங்கள்தான். பத்தாம் வகுப்பு வேதியியல் தேர்வில் இப்படி எழுதினால் முட்டை விழும். இதையே ஒரு வானியல் ஆய்விதழில் ஆங்கிலத்தில் எழுதினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் அத்தனை தனிமங்களுக்கும் 'மெட்டல்' என்று பொதுப்பெயர் சூட்டிவிட்டார்கள் வானியலாளர்கள். நாம் மூச்சுவிடுவது அவர்கள் கணக்கில் ஏறக்குறைய முழுக்க உலோகம்.

போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் ஆங்கிலச் சொல்வளப் புத்தகங்களிலும் விண்வெளிக்கென்று ஒரு பக்கம் இருக்கும். கேலக்ஸி, ஆர்பிட், எக்லிப்ஸ், காமெட் என்று இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் தமிழுமாக அடுக்கியிருப்பார்கள். அந்தச் சொற்களுக்கு அது போதும். சிக்கல் இரண்டாம் வரிசைச் சொற்களில் இருக்கிறது. அங்கே அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டு போனால் நேர் எதிர்த் திசையில் போய்ச் சேருவோம். அறிவியல் துறைகளிலேயே மோசமாகப் பெயர் வைத்த துறை எது என்று கேட்டால் தயங்காமல் வானியல் என்பேன். அவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் திருத்த மறுக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் சரி என்பது என் கட்சி.

உலோக விவகாரத்துக்கு ஒரு காரணம் உண்டு. நூறாண்டுகளுக்கு முன் விண்மீன்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இரும்பு, கால்சியம், சோடியம் போன்றவற்றின் கோடுகள்தான் பளிச்சென்று தெரிந்தன. விண்மீனும் பூமியைப் போன்ற சரக்கால் ஆனதுதான் என்று நம்பினார்கள். 1925-ல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண் தன் முனைவர் பட்ட ஆய்வில், விண்மீன்களில் மிகப் பெரும்பங்கு ஹைட்ரஜன் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அக்காலத்துப் பெரிய மனிதரான ஹென்றி நோரிஸ் ரஸல் அது நடக்கவே முடியாத காரியம் என்று சொல்ல, பெய்ன் தன் முடிவைத் தானே சந்தேகித்து ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகள் கழித்து ரஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். சூரியனின் நிறையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், ஏறக்குறைய மிச்சமெல்லாம் ஹீலியம். மற்ற எல்லாம் சேர்ந்து இரண்டு சதவீதம்கூடத் தேறாது. அந்த இரண்டு சதவீதத்துக்குத்தான் 'மெட்டல்' என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

ஹீலியத்தின் கதை இதற்குத் தலைகீழ். 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். பிரான்ஸிலிருந்து வந்த ஜான்ஸன் குண்டூரிலும், மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் கருவிகளோடு காத்திருந்தார்கள். அப்போது இரண்டு ஊர்களுமே மதராஸ் மாகாணம். சூரிய விளிம்பின் சுவாலைகளில் பளீரென்று கோடுகள் தெரிந்தன. அதில் மஞ்சள் கோடு ஒன்று சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் அதே இடத்தில் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்கியர் கிரகணம் இல்லாமலேயே அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தார். பூமியில் யாரும் அறியாத தனிமம் என்று முடிவு கட்டி, சூரியனுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். பெயரின் வாலில் சோடியம், பொட்டாசியம் போல உலோகங்களுக்குரிய 'இயம்' சேர்ந்துகொண்டது. 1895-ல் வேதியியலாளர் ராம்ஸே அதைப் பூமியில் பிடித்தபோது அது வாயு. ஆக, உலோகப் பெயர் கொண்டது உலோகமில்லை. உலோகமே அல்லாத ஆக்ஸிஜன் உலோகம்.

போக்சனை அவ்வளவு சீக்கிரம் விட மனமில்லை. 1861-ல் மதராஸுக்கு வந்தவர், 1891-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்துவிட்டார். வந்த ஆண்டே நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. பெயரும் 'ஆசியா' என்றே வைத்தார். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது. 1792 என்ற ஆண்டும் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் எழுத்துகளும் அதில் இருக்கின்றன. புயல் அறிவிப்புக்காக மட்டும் அந்த வளாகத்தை நினைத்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது.

ஆனால் வானியலார் போக்சனை நினைப்பது அவர் மதராஸ் வருவதற்கு முன் 1856-ல் செய்த ஒரு கணக்குக்காக. 'மேக்னிட்யூட்' என்ற சொல்லுக்கு அளவு, பெருமை என்று அகராதி சொல்லும். பெரிய எண் என்றால் பெரிய ஒளி என்றுதானே நினைப்போம்? வானத்தில் எண் கூடக் கூட ஒளி மங்கும். பழைய கிரேக்கர்கள் மிகப் பிரகாசமான விண்மீன்களை முதல் தரம் என்றும், கண்ணுக்குத் தெரிகிற கடைசி மங்கலை ஆறாம் தரம் என்றும் வகுத்ததால் வந்த வினை. போக்சன் நினைத்திருந்தால் இந்த ஏணியைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அவர் செய்தது வேறு. பழைய தரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு வித்தியாசம் என்று வரையறுத்தார். ஒரு படிக்கு 2.512 மடங்கு. முதல் தரத்தையும் மிஞ்சுபவை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கின: சிரியஸ் மைனஸ் 1.46, முழுநிலா மைனஸ் 12.7, சூரியன் மைனஸ் 26.7.

தலைகீழ்தான். ஆனால் பலனைப் பாருங்கள். 2019 கடைசியில் திருவாதிரை திடீரென்று மங்கத் தொடங்கியது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. இதற்கு முன் எப்போது எவ்வளவு மங்கியது என்று தேடியவர்களுக்கு 1836 முதல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் குறித்து வைத்த பழைய பதிவுகள் கைகொடுத்தன. ஏணி மாறாததால் அந்த எழுத்து இன்றைக்கும் பேசுகிறது. வேதியியலாளர் தன் சோதனையை நாளைக்கே திரும்பச் செய்யலாம். வானியலாளருக்கு அந்த வசதி கிடையாது. 1836-ஆம் ஆண்டு இரவை மறுபடி வரவழைக்க முடியாது. செத்துப்போனவர்களின் குறிப்பேடுதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம். அதனால்தான் சொற்களில் கை வைக்க அஞ்சுகிறார்கள். (திருவாதிரையின் ஆங்கிலப் பெயரான பீட்டல்ஜூஸும் பிழைதான். அரபு எழுத்தில் இரண்டு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு புள்ளியாகப் படித்ததால் 'ய' என்பது 'ப' ஆகிவிட்டது என்கிறார்கள். கோளாறு எண்ணூறு வயதானாலும் அழிப்பான் யார் கையிலும் இல்லை.)

'பிளானட்டரி நெபுலா' என்றால் கோள்களோடு சம்பந்தப்பட்டது என்று தோன்றும். துளியும் சம்பந்தமில்லை, சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையில் உதறிய வாயுப் போர்வை அது. 1780-களில் வில்லியம் ஹெர்ஷலின் தொலைநோக்கியில் கோளின் வட்டு போல மங்கலாகத் தெரிந்ததால் வந்த பெயர். 'நோவா' என்றால் புதியது. வெடிப்பது கிழட்டு விண்மீன். நீலச் சூட்டில் கொதிக்கும் விண்மீன்களை 'எர்லி' என்றும், செந்நிறத்தில் தணிந்தவற்றை 'லேட்' என்றும் சொல்கிறார்கள். விண்மீன் சூடாகப் பிறந்து ஆறிச் சாகிறது என்று ஒரு காலத்தில் நம்பியதன் மிச்சம். உண்மையில் 'எர்லி' வகையினர் சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரிந்து முடிந்துவிடுவார்கள். செந்நிறக் குட்டிகளின் ஆயுளோ பிரபஞ்சத்தின் இன்றைய வயதைக் காட்டிலும் பல மடங்கு.

இவையெல்லாம் அறியாமையில் வைத்த பெயர்கள். 'பிக் பேங்' அப்படியல்ல. அதை ஏற்காதவர் வாயிலிருந்து வந்த பெயர் அது. 1949 மார்ச் 28-ஆம் தேதி பிபிசி வானொலியில் வானியலாளர் ஃபிரெட் ஹாய்ல் பேசினார். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, அது என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் பாண்டி, கோல்ட் ஆகிய நண்பர்களோடு சேர்ந்து ஒரு கொள்கையை முன்வைத்திருந்தார். எதிர்த்தரப்பை விளக்கும்போது, எல்லாப் பொருளும் கடந்த காலத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் 'டமார்' என்று உண்டானதாம் என்ற தோரணையில் அந்தச் சொல் வந்து விழுந்தது. கிண்டலுக்காகச் சொல்லவில்லை, வானொலி நேயர்களுக்குப் படம் காட்ட முடியாதே, அதனால் மனத்தில் பதியும்படி சொன்னேன் என்று பின்னாளில் விளக்கம் தந்தார். நான் அதை நம்புகிறேன். கேட்பவரைக் கட்டிப்போடும் பேச்சாளருக்கு எதிரியின் கொள்கையைக்கூட மந்தமாகச் சொல்ல வராது.

அந்தச் சொல் உடனே பரவிவிடவும் இல்லை. 1965-ல் பென்ஸியாஸும் வில்சனும் வானமெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்து, ஹாய்லின் கொள்கை ஆட்டம் கண்ட பிறகுதான் மெல்ல நிலைத்தது. பெயர் சரியா? வெற்றிடத்தின் நடுவில் ஏதோ வெடித்துச் சிதறவில்லை. அதற்கு நடு என்ற ஒன்றே கிடையாது, இடமே எங்கும் விரிந்தது. நாம் காண்கிற பிரபஞ்சம் அன்று 'பிக்'காகவும் இல்லை. 1993-ல் அமெரிக்காவின் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழ் மாற்றுப்பெயர் கேட்டுப் போட்டி வைத்தது. 41 நாடுகளிலிருந்து 13,099 பரிந்துரைகள் வந்தன. வானியலாளர் கார்ல் சேகன் உள்ளிட்ட நடுவர்கள் அத்தனையையும் பார்த்துவிட்டு எதுவுமே தேறாது என்று கையை விரித்தார்கள். 2001-ல் இறக்கும்வரை ஹாய்ல் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. உலகம் முழுக்க அது அவர் வைத்த பெயரில் உலவுகிறது. நாமும் 'பெருவெடிப்பு' என்று பாடநூலில் அச்சடித்து வைத்திருக்கிறோம்.

'பிளாக் ஹோல்' இன்னும் விசித்திரமான இடத்திலிருந்து வந்தது. 1930-ல் பத்தொன்பது வயதில் மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக் கப்பலேறிய இயற்பியல் மாணவர் சந்திரசேகர், சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண்குள்ள விண்மீன் தன் எடையைத் தாங்க முடியாது என்று கணக்கிட்டார். அப்புறம் என்ன ஆகும்? 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் மூத்த வானியலாளர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தாக வேண்டும் என்ற தொனியில் எள்ளி நகையாடினார். அன்றைக்கு அந்த அபத்தத்துக்குப் பெயர்கூட இல்லை. பெயரில்லாத பொருளுக்கு வாதாடுவது எத்தனை கடினம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அறுபதுகளில் பிரின்ஸ்டன் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி இப்படிச் சுருங்கிப்போகும் விண்மீனைக் கல்கத்தாவின் 'பிளாக் ஹோல்' என்ற இருட்டறையோடு ஒப்பிட்டு வந்தார். 1756-ல் வில்லியம் கோட்டையில் கைதிகளை அடைத்த சிற்றறை அது. உள்ளே எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றுவரை சர்ச்சை. டிக்கி வீட்டில் ஏதாவது பொருள் காணாமல் போனாலும் அந்த அறையின் பெயரைச் சொல்லித்தான் அலுத்துக்கொள்வாராம். 1964-லேயே ஓர் அறிவியல் செய்தியிதழில் அச்சில் வந்துவிட்ட பெயர், 1967-ல் இயற்பியலாளர் ஜான் வீலர் பேசிய பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. 'ஈர்ப்பால் முற்றிலும் சுருங்கிய பொருள்' என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, பார்வையாளர் வரிசையிலிருந்து யாரோ அந்தக் குட்டிப் பெயரை எடுத்துக் கொடுத்தார்களாம். சோவியத் அறிஞர்கள் 'உறைந்த விண்மீன்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சிலர், தங்கள் மொழியில் அது ஆபாசமாக ஒலிக்கிறது என்று முகம் சுளித்தார்கள். எதுவும் எடுபடவில்லை. 1983-ல் சந்திரசேகர் தன் பெரிய நூலை வெளியிட்டபோது தலைப்பிலேயே 'பிளாக் ஹோல்ஸ்' இருந்தது. அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது.

பெயரைச் சட்டம் போட்டுத் திருத்த முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு புளூட்டோ இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 24-ஆம் தேதி பிராகில் சர்வதேச வானியல் சங்கம் வாக்கெடுத்து, புளூட்டோ இனி 'டுவார்ஃப் பிளானட்', ஆகவே கோள் அல்ல என்றது. குள்ள விண்மீன் விண்மீன்தான். குள்ள கேலக்ஸி கேலக்ஸிதான். குள்ளக் கோள் மட்டும் கோள் இல்லை. ஆங்கில இலக்கணத்தையே வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். விளக்கத்தில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, பெயரில்தான். அந்த ஆண்டின் சொல்லாக அமெரிக்க வட்டார வழக்குச் சங்கம் 'புளூட்டோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தது. பதவியிறக்கப்பட்ட என்று பொருள்.

இப்போதைய வரவு 'டார்க் எனர்ஜி'. பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-ல் தெரிந்ததும் அண்டவியலாளர் மைக்கேல் டர்னர் வைத்த பெயர். பிரபஞ்சத்தின் இருப்பில் ஏறக்குறைய 68 சதவீதத்தை இதன் கணக்கில் எழுதுகிறார்கள். இருட்டு என்றால் ஒளியை மறைக்க வேண்டும். இது எதையும் மறைப்பதில்லை. இதற்குச் சொல்லப்படும் எளிய விளக்கம், ஐன்ஸ்டைன் 1917-ல் சமன்பாட்டில் சேர்த்துவிட்டுப் பிறகு கைவிட்ட ஓர் எண். 'காஸ்மலாஜிக்கல் கான்ஸ்டன்ட்' என்று பெயர். மாறாதது என்பதால் கான்ஸ்டன்ட். அரிசோனா மலையிலிருந்து லட்சக்கணக்கான கேலக்ஸிகளை அளந்துவரும் டெசி குழுவினர், 2024-லும் 2025-லும் வெளியிட்ட முடிவுகளில் இந்த ஆற்றல் காலப்போக்கில் குறைந்து வரலாம் என்று ஒரு சாடை காட்டியிருக்கிறார்கள். இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் அந்தக் கான்ஸ்டன்ட் மாறிக்கொண்டிருக்கும். பெயரை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.