கடலுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: கவனிக்க ஆள் வேண்டாமா?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருக்கிறது. மக்கர் செய்தால் சர்வீஸ் செய்ய ஆள் வருவார். கடல் நடுவே நங்கூரமிட்ட மிதவையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இரண்டும் கிடையாது. பேட்டரியை மட்டும் நம்பி ஏறத்தாழ ஓராண்டு அது வேலை செய்ய வேண்டும்.

1982-83ல் வந்த எல் நினோ, முற்றிய பிறகே விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது. அதன் பிறகு பசிபிக் கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டி சுமார் 70 மிதவைகள் நிறுத்தப்பட்டன. 'டாவோ' எனப்படும் இந்த வரிசை 1994ல் முழுமை பெற்றது. காற்று, வெப்பநிலை ஆகியவற்றுடன் ஈரப்பதத்தையும் இவை அளக்கின்றன. கடலுக்கு மேல் காற்று வறண்டிருந்தால் நீர் அதிகம் ஆவியாகும். அந்த நீராவி தூக்கிச் செல்லும் வெப்பம்தான் புயலுக்குத் தீனி.

ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரை வைத்து இதை அளக்கலாமே என்பீர்கள். அங்கே துணியை நனைக்க யார் இருக்கிறார்கள்? காற்றோட்டத்திற்கு ஃபேன் வைத்தால் அதுவே பேட்டரியைத் தின்றுவிடும். எனவே கெபாசிட்டர் வகை சென்சார் பயன்படுகிறது. இரு மின்தகடுகளுக்கு இடையே மெல்லிய பாலிமர் படலம் இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும்போது கெபாசிட்டன்ஸ் மாறும். இதற்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். 10 நிமிடத்திற்கு ஒருமுறை அளவைப் பதிவு செய்து, மற்ற நேரத்தில் கருவி உறங்கலாம். நம் கம்ப்யூட்டரின் 'ஸ்டாண்ட்பை' மாதிரிதான்.

வில்லன் உப்பு. சென்சாரைச் சுற்றியுள்ள ஃபில்டரில் கடல் உப்பு படிகிறது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அப்போது சென்சார் காட்டுவது காற்றின் ஈரமா, உப்பின் ஈரமா? எண் என்னவோ ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கும். கருவி நின்றுபோவதைவிட இது மோசம் என்பேன்.

சாட்டிலைட் இருக்கும்போது மிதவை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாட்டிலைட் மேலிருந்து காற்று மண்டலம் முழுவதையும் ஊடுருவிப் பார்க்கிறது. கடலை ஒட்டிய சில மீட்டர் காற்றை மட்டும் பிரித்துச் சொல்வது அதற்குக் கடினம். அதன் கணக்கைச் சரிபார்க்கவும் மிதவைதான் வேண்டும்.

'ஆளில்லாக் கருவி' என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. அமெரிக்கா இந்த மிதவைகளைப் பராமரித்த கப்பலை 2012ல் நிறுத்தியது. 2014 தொடக்கத்தில் டாவோவிலிருந்து வந்த டேட்டா சுமார் 40 சதவீதமாகச் சரிந்திருந்தது. சென்சாரின் விலையோடு ஒப்பிட்டால் கப்பல் செலவு மலை போன்றது. அதனால்தான் பட்ஜெட்டில் முதலில் அதன் மேல் கத்தி விழுகிறது. மிதவை வாங்கும்போதே அதன் ஆயுள் முழுவதற்குமான கப்பல் செலவையும் சேர்த்து ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் மிதவைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை இயக்குவது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். இங்கே உப்போடு இன்னொரு தொல்லையும் உண்டு. மிதவையைச் சுற்றி மீன் கூடும். மீன் கூடினால் படகும் வரும். சில படகுகள் மிதவையிலேயே கயிற்றைக் கட்டிவிடும். டாவோவின் டேட்டாவை இன்டர்நெட்டில் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். எக்செல்லில் ஈரப்பத வரிசையைத் திறந்து பாருங்கள். நடுநடுவே வெற்று இடங்கள் தென்படும்.