சேற்றில் நிற்கும் குதிரைகள்

மதுக்கரையில் நான் நாள்தோறும் நடந்து செல்லும் வழியில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. திருமண ஊர்வலங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் வாடகைக்குச் செல்லும் இரண்டு குதிரைகள் அங்கே நிற்கின்றன. கார்த்திகை அடைமழையில் அவை குளம்பு புதையும் சேற்றில் நின்றன. முதுகில் நனைந்த கோணிச்சாக்கு. “குளுருதுங்கய்யா, அதுதான் போத்தி உட்டிருக்கறனுங்க” என்றார் உரிமையாளர். அவரிடம் அக்கறை இருந்தது. ஆனால், அது தவறான இடத்தில் செலவாகிக் கொண்டிருந்தது.

கோவையின் குளிர் குதிரைக்கு ஒரு பொருட்டே அல்ல. உறைபனியையும் தாங்கும் உடல் அது. தாங்காதது ஈரம். நனைந்த சாக்கு உடல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. தோலில் பொருக்குப் புண்ணுக்கு வழிவிடுகிறது. ஓயாத சேறு குளம்பின் அடிப்பகுதியை அழுகச் செய்கிறது. பூஞ்சை பிடித்த வைக்கோலும் கொள்ளும் வயிற்றுவலியில் முடிகின்றன. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் அந்த வலி உயிரையே பறிக்கக்கூடும். மழைக்குப் பின் பெருகும் கடி ஈக்கள் சர்ரா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்புகின்றன.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுவது ஆடி மாதத்தில். அங்கு வாங்கப்படும் குதிரை மூன்றாம் மாதமே வடகிழக்குப் பருவமழையைச் சந்திக்கிறது. வாங்கியவரின் வருவாயும் அப்போதுதான் சரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊர்வலங்களைக் கெடுக்கிறது. மார்கழியில் திருமணமே இல்லை. தீவனச் செலவு மட்டும் குறைவதில்லை. கையில் பணமில்லாத மாதங்களில்தான் பராமரிப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பதே இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல்.

இது புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகள் கடல்வழி வந்திறங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட எஞ்சாததையும் குறித்துள்ளார். பராமரிக்கத் தெரியாமையும் குதிரை மருத்துவர் இல்லாமையுமே காரணம் என்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் பொன்னைக் கொட்டி வாங்கியவர்கள், அதில் சிறு பங்கைப் பராமரிப்பு அறிவுக்குச் செலவிடவில்லை என்ற பாடம் இன்றும் பொருந்துகிறது.

நாட்டில் 2012-இல் 6.25 லட்சமாக இருந்த குதிரைகள், 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகச் சுருங்கின. இச்சூழலில், 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை தேசிய கால்நடை இயக்கத்தை விரிவுபடுத்தி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் சார்ந்த தொழில்முனைவுக்கு 50 விழுக்காடு மூலதன மானியத்தை, ரூ.50 லட்சம் வரை அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், மானியம் போக மீதிப் பாதியைத் திரட்ட வல்லவருக்கே அது பயன்படும். தகரக் கொட்டகைக்காரருக்கு எட்டாது.

அவருக்கு உதவக்கூடியது, அதே முடிவில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி: கால்நடைக் காப்பீட்டில் உரிமையாளரின் பங்கு 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அந்தியூர்ச் சந்தையிலேயே காப்பீட்டுப் பதிவும் மருத்துவப் பரிசோதனையும் நடக்கட்டும். மழைக்கு முன் மேடான தளம் அமைக்கச் சிறுகடன் கிடைக்கட்டும். லாடம் அடிக்கும் கலை இளைஞர்களுக்குப் பயிற்றுவிக்கப்படட்டும். 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி குதிரைக்கும் உண்டு என்பதை உரிமையாளர்களுக்குச் சொல்வோம்.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பழிக்கிறோம். ஊர்வலத்தில் அதன் அழகை அனுபவித்துவிட்டு, மழைக்காலத்தில் முகம் திருப்பிக்கொள்ளும் நமக்கும் அப்பழமொழி பொருந்தாதா?